கண் பழகும் பத்து நிமிடம்

(ஆவணப்படம் பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டு நீங்கள் ஆளுக்கொரு பத்து நிமிட ஆவணப்படம் எடுத்து முடிக்க வேண்டும் என்று உங்கள் ஆசிரியர் சொன்னார். எதைப் பற்றி எடுக்கப் போகிறீர்கள் என்று சற்று முன்பு வராந்தாவில் கேட்டேன். சிலர் ஒரு மனிதரின் பெயரைச் சொன்னீர்கள். சிலர் ஒரு பிரச்சினையின் பெயரைச் சொன்னீர்கள். கைத்திறன் ஒன்றைப் படமாக்கப் போகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன். அதிலும், வெளியாள் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும் ஒரு கைத்திறனை எடுத்துக்கொள்கிறேன்.

ஆற்றில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் ஒருவர் நிற்கிறார். நீண்ட மெல்லிய கம்பை முன்னும் பின்னும் வீசுகிறார். நூல் காற்றில் வளைந்து போய்த் தண்ணீரில் விழுகிறது. மறுபடி இழுத்து மறுபடி வீசுகிறார். பெரும்பாலும் மீன் விழுவதில்லை. இதுதான் ஃப்ளை ஃபிஷிங். நியூயார்க் மாநிலத்தில் நான் ஆவணப்படம் கற்பித்தபோது, கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ஓடும் வில்லோவீமாக் ஆற்றில் என் மாணவர்கள் மூவர் இதைப் படமாக்கினார்கள். அவர்கள் யாருக்கும் தூண்டில் பிடித்த பழக்கம் இல்லை. அந்தப் படத்தை முன்வைத்து நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று: படம் தொடங்கும்போது பார்வையாளருக்கு ஆறு என்பது ஓடும் தண்ணீர், அவ்வளவுதான். படம் முடியும்போது அந்த ஆற்றை அவரால் வாசிக்க முடிய வேண்டும். திரையில் இருக்கும் மனிதர் ஏன் சட்டென்று நின்றார், ஏன் நூலை மாற்றி வீசினார் என்பதை விளக்கவுரை இல்லாமலே அவர் புரிந்துகொள்ள வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு கண்ணைப் பழக்கிவிடலாம். அப்படிப் பழக்கிவிட்டால், மீன் விழுந்தாலும் விழாவிட்டாலும் அது நல்ல படம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் குளத்தில் தூண்டில் போடும்போது முள்ளில் மண்புழு இருக்கும், நரம்பில் ஈயக்குண்டு இருக்கும், மேலே தக்கை மிதக்கும். வீசும்போது அந்தக் குண்டின் பாரம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். முள்ளின் மேல் இறகும் ரோமமும் நூலும் சுற்றிச் செய்த ஒரு போலிப் பூச்சி இருக்கிறது. அதற்கு எடையே இல்லை எனலாம். எடை நூலில் இருக்கிறது. தடித்த, பூச்சு ஏற்றிய அந்த நூலைக் காற்றில் விரித்து, அதன் பாரத்தாலேயே பூச்சியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதனால்தான் அந்த முன்னும் பின்னுமான வீச்சு. பின்வீச்சில் நூல் முழுதாக நீளும்வரை கை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் நூல் சுருண்டு காலடியில் விழும். இந்தக் காத்திருப்பைச் சொற்களில் வகுத்து, சொல்லிக்கொடுக்கக்கூடிய பாடமாக்கியவர்களில் முதன்மையானவர் ஜோன் வுல்ஃப். 1951-இல் எதிராளிகள் அனைவரும் ஆண்களாக இருந்த தூர வீச்சுப் பந்தயத்தில் வென்ற பெண்மணி அவர். தம் கணவர் லீ வுல்ஃபுடன் சேர்ந்து பீவர்கில் ஆற்றோரம் ஒரு பள்ளியும் நடத்தினார்.

இனி பூச்சி. மேஃப்ளை என்னும் பூச்சி ஏறக்குறைய ஓராண்டு ஆற்றடியில், கற்களின் இடுக்கில், இறக்கையில்லாத இளம்பூச்சியாக வாழ்கிறது. ஒரு நாள் மேலே மிதந்து வந்து, தோலைக் கிழித்துக்கொண்டு, மங்கலான இறக்கைகளோடு நீரின் மேல் உட்கார்கிறது. இறக்கை உலரும்வரை ஓட்டத்தோடு போகும். பிறகு பறந்து மரத்தில் ஒதுங்கி, இன்னொரு முறை தோலுரித்து, கண்ணாடி போன்ற இறக்கைகளோடு வெளிவரும். இறக்கை முளைத்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி இனம் உலகில் இது ஒன்றுதான். இந்த நிலையில் அதற்கு உண்ணும் வாய் இல்லை. கூடி, முட்டையிட்டு, நீரில் விழுந்து இறந்துவிடும். டிரவுட் மீன் இந்த ஒவ்வொரு கட்டத்திலும் அதைத் தின்னக் காத்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வேறு விதமாகத் தின்கிறது. தூண்டில்காரரின் அறிவு முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

கேட்ஸ்கில் ஆறுகளில் ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும், தண்ணீர் சற்றே வெதுவெதுக்கும் பிற்பகல் வேளையில், ஹெண்ட்ரிக்சன் என்று அங்குள்ளோர் அழைக்கும் மேஃப்ளை கூட்டமாகக் கிளம்பும். பூச்சிக்கு அந்தப் பெயர், அதைப் பார்த்துச் செய்த போலிப் பூச்சியிலிருந்து வந்தது. 1916-இல் ராய் ஸ்டீன்ராட் என்பவர் நரி வயிற்று ரோமமும் காட்டு வாத்தின் விலா இறகும் சாம்பல்நீலச் சேவல் கழுத்து இறகும் கொண்டு அதைக் கட்டி, தம்மோடு மீன்பிடித்த நண்பர் ஒருவரின் பெயரை அதற்கு வைத்தார். என் மாணவர்கள் படம்பிடிக்கத் தேர்ந்தெடுத்தது இந்தப் பருவத்தைத்தான். நல்ல தேர்வு. பூச்சி கிளம்பும் நேரம் ஓரளவு தெரிந்திருக்கும்போது, படப்பிடிப்பு நாளுக்கு ஓர் இயல்பான முதுகெலும்பு கிடைத்துவிடுகிறது: காலையில் வெறும் ஆறு, நண்பகலில் எதிர்பார்ப்பு, இரண்டு மணி வாக்கில் ஆறே உயிர்பெறுதல், மாலையில் ஓய்வு.

ஆனால் அவர்கள் முதலில் எழுதிக்கொண்டு வந்த திட்டத்தில் ஆறு மூன்றாவது நிமிடத்தில்தான் வந்தது. அதற்கு முன்பு வரலாறு. கேட்ஸ்கில் வரலாறு யாரையும் இழுத்துவிடக் கூடியது என்பதால் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். 19-ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடும் ஆலைகள் அந்த மலைகளில் முளைத்தன. ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரத்தின் பட்டையில் தோலைப் பதப்படுத்தும் டானின் உண்டு. பட்டைக்காக மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ஆற்றுக்கு நிழல் போனது, தண்ணீர் சூடேறியது, ஆலைக் கழிவும் சேர்ந்தது. குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் அம்மண்ணின் புரூக் டிரவுட் அருகிப்போனது. 1883-இல் ஜெர்மனியிலிருந்து பழுப்பு டிரவுட்டின் முட்டைகள் நியூயார்க்குக் கப்பலில் வந்தன. சற்றே வெதுவெதுப்பான நீரையும் தாங்கும் இந்த மீன் சில ஆண்டுகளில் கேட்ஸ்கில் ஆறுகளிலும் பரவியது. புரூக் டிரவுட் எளிதில் ஏமாறும். பழுப்பு டிரவுட் ஏமாறாது. உற்றுப் பார்த்து, பிடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். நெவர்சிங்க் ஆற்றங்கரையில் காசநோயோடு தனியே வாழ்ந்த தியோடர் கார்டன் என்னும் தூண்டில்காரர், தென் இங்கிலாந்தின் தூண்டில் நிபுணர் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார். 1890-இல் ஹால்ஃபோர்டு தம்முடைய மிதக்கும் பூச்சிகளின் மாதிரிகளை அனுப்பிவைத்தார். அவை சுண்ணாம்பு நிலத்தில் மெல்ல நழுவும் தெளிந்த ஆறுகளுக்காகச் செய்தவை. கேட்ஸ்கில்லின் முரட்டு ஓட்டத்தில் அவை மூழ்கின. அங்குள்ள பூச்சிகளும் வேறு. ஆகவே கார்டன் தம் ஆற்றைப் பார்த்துத் தாமே கட்டத் தொடங்கினார். அமெரிக்க மிதவைப் பூச்சி மரபு அங்கிருந்து கிளைத்தது. அவர் 1915-இல் இறந்தார். அவர் கடைசியாக வாழ்ந்த இடம் இன்று நெவர்சிங்க் நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காக 1950களில் கட்டி முடித்த நீர்த்தேக்கம் அது.

இவ்வளவையும் பத்து நிமிடப் படத்தில் எப்படிச் சொல்வது? சொல்லத் தேவையில்லை. மாணவர்களில் ஒருத்தி நியூயார்க் நகரத்தில் வசிப்பவள். அவள் வீட்டுச் சமையலறைக் குழாயில் ஒரு கண்ணாடித் தம்ளர் நிறைவதைப் படம்பிடித்தாள். அடுத்த காட்சி நீர்த்தேக்கம். அதன் மேல் இரண்டே வாக்கியங்கள்: இந்தத் தண்ணீருக்கடியில் ஒரு ஊர் இருந்தது, அந்த ஊரில் ஒருவர் இறகுகளால் பூச்சி கட்டிக்கொண்டிருந்தார். நாற்பது நொடியில் முடிந்தது. எஞ்சிய வரலாறு முழுவதையும் கீழே போட்டோம். அவர்கள் சேகரித்த செய்தி எதுவும் வீணாகவில்லை. எதைப் படம்பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குக் காட்டியது அந்த வாசிப்புதான். பழுப்பு டிரவுட் ஏமாறாத மீன் என்று தெரிந்தவருக்குத்தான், அது போலிப் பூச்சியின் அருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பும் கணம் முக்கியம் என்று தோன்றும்.

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன். கண்ணை எப்படிப் பழக்குவது?

படத்தின் மனிதர் ராஸ்கோ ஊர்ப்பக்கத்தைச் சேர்ந்தவர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். முதல் சந்திப்பில் அவர் கம்பையே எடுக்கவில்லை. ஆற்றில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டி எடுத்தார். அடிப்பக்கத்தைக் காட்டினார். ஈரக் கல்லில் அழுக்குப் பொட்டுகள் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்தால் அவை ஊர்ந்தன. அதுதான் நம் படத்தின் முதல் காட்சி என்று நான் சொன்னேன். கல்லைத் திரை முழுக்க வைத்து, எதுவும் பேசாமல், அந்தப் பொட்டுகளுக்குக் கால் முளைக்கும்வரை காட்டுங்கள். திரையரங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் முதலில் ஒன்றும் காணமாட்டார். பிறகு காண்பார். "இந்தப் படத்தை நான் இப்படித்தான் பார்க்க வேண்டும்" என்பதை அந்தப் பதினைந்து நொடி அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

அடுத்த பாடம், நீரின் மேல் தோன்றும் வளையம். மீன் பூச்சியை எடுக்கும்போது ஒரு வளையம் விரிகிறது. எல்லா வளையமும் ஒன்றல்ல. இறக்கை உலர்த்திக்கொண்டு மிதக்கும் பூச்சியை எடுத்தால் சிறு தெறிப்பு. கூடவே ஒரு குமிழி நிற்கும், ஏனென்றால் மீன் பூச்சியோடு காற்றையும் விழுங்கிவிட்டுச் செவுளால் வெளியே விடுகிறது. மேற்பரப்புக்குக் கீழேயே இளம்பூச்சியைக் கவ்வினால் முதுகு மட்டும் புடைத்துத் தெரியும், குமிழி இருக்காது. மாலையில் செத்து விழுந்த பூச்சிகளை எடுக்கும்போது ஒரு மழைத்துளி விழுந்த அளவுக்கு மெல்லிய சுழிப்பு. பெரிய மீன் அப்படித்தான் எடுக்கும். அந்த மனிதர் இவற்றைச் சொல்லிக்கொண்டே போனார். மாணவர்கள் அதை நேர்காணலாகப் பதிவு செய்தார்கள். தொகுப்பு மேசையில் நாங்கள் அந்தக் குரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டோம். முதல் வளையத்தைக் காட்டும்போது அவர் குரல் இருக்கிறது. இரண்டாவதில் ஒரே ஒரு சொல். மூன்றாவதில் குரலே இல்லை, அவர் முகம் மட்டும். நான்காவது வளையத்தில் முகமும் இல்லை. அதற்குள் பார்வையாளருக்குப் பாடம் ஆகிவிட்டது.

இன்னொரு நுட்பம். மீன் ஓட்டத்தை எதிர்த்து ஓரிடத்தில் நிற்கிறது. பூச்சி மிதந்து வரும்போது, அதைப் பார்த்தபடியே சற்றுப் பின்னோக்கி நழுவி, எடுத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புகிறது. ஆகவே வளையம் தோன்றிய இடத்தில் மீன் இல்லை. அதற்கு மேலே, ஓட்டத்தின் எதிர்த்திசையில் இருக்கிறது. வளையத்தின் மேலேயே பூச்சியை வீசுகிறவருக்கு மீன் கிடைக்காது. தரையில் நின்று பார்த்தால் இது தெரியாது. பாலத்தின் மேலிருந்து நேர்கீழே எடுத்த ஒரே ஒரு ஷாட் எல்லாவற்றையும் காட்டிவிட்டது. அதை எடுக்க ஒரு பிற்பகல் முழுவதும் காத்திருந்தார்கள். அந்தப் பிற்பகலில் வேறு எதையும் எடுக்கவில்லையே என்று ஒருவன் வருந்தினான். எனக்கு அதில் வருத்தமில்லை. படத்தின் நடுத்தூண் அந்த ஷாட்தான்.

மூன்றாவது பாடம் இழுவை. ஆற்றில் நீர் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடு ஓட்டம் வேகம், கல்லுக்குப் பின்னே தேக்கம். நூல் வேக ஓட்டத்தில் கிடந்து, பூச்சி தேக்கத்தில் கிடந்தால், நூல் பூச்சியை இழுக்கும். நீரின் மேல் பூச்சி கோடு கிழித்தபடி நழுவும். உண்மைப் பூச்சி எதுவும் அப்படிப் போகாது. மீன் அந்த நொடியே விலகிவிடும். அதைத் தவிர்க்கத்தான் அவர் வீசிய பிறகு நூலை ஒரு சுண்டு சுண்டி மேலோட்டத்தின் பக்கம் வளைத்துப் போடுகிறார். இது தெரியாதவருக்கு அது காரணமற்ற கைவீச்சு. தெரிந்தவருக்கு அது மூச்சைப் பிடித்துக்கொள்ளும் தருணம். படத்தின் ஏழாவது நிமிடத்தில் பூச்சி மீனை நோக்கி வருகிறது, மீன் மேலே எழுகிறது, நூல் மெல்ல இழுபடுகிறது. அந்த இடத்தில் திரையரங்கில் யாராவது "ஐயோ" என்று முனகினால் உங்கள் படம் வேலை செய்கிறது.

கருவிகளைப் பற்றிச் சில சொற்கள். பளபளக்கும் நீரின் ஊடே பார்க்க போலரைசர் ஃபில்டர் வேண்டும். ஆனால் அதை எப்போதும் முழுமையாகத் திருப்பி வைக்காதீர்கள். வளையங்களைக் காட்டும் ஷாட்களுக்கு அந்தப் பளபளப்புதான் உயிர். ஒரே கோணத்தில், பளபளப்போடு ஒன்று, அதை நீக்கி ஒன்று என இரண்டும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் ஆற்றடி திறந்துகொள்ளும். நொடிக்கு 24 சட்டகத்தில் வழக்கமான ஷட்டர் வேகம் வைத்தால் நூல் புகையாகக் கரைந்துவிடும். ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். சூரியனை எதிர்ப்பக்கம் வைத்து, இருண்ட மரநிழலைப் பின்னணியாக்குங்கள். நூலின் வளைவு ஒளிக்கோடாகத் தெரியும். மெதுவோட்டக் காட்சி ஒன்று போதும். வீச்சு அழகாக இருக்கிறது என்பதற்காக அதைத் திரும்பத் திரும்ப மெதுவாக்கிக் காட்டினால், பார்வையாளரின் கண் ஆற்றைவிட்டு வெளியேறிவிடும்.

நீருக்கடியில் சிறு கேமரா வைப்பதை நான் ஆதரிக்கிறேன், ஒரு காரணத்துக்காக. மீன் மேலே பார்க்கும்போது, ஒளிவிலகலால் வெளியுலகம் முழுவதும் ஏறக்குறைய 97 பாகை விரிவுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்த வட்டத்துக்கு வெளியே நீர்மட்டம் கண்ணாடியாகி ஆற்றடியையே பிரதிபலிக்கிறது. பூச்சி சாளரத்துக்குள் வரும் முன்பே, அதன் கால்கள் அழுத்தும் இடங்கள் அந்தக் கண்ணாடியில் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். மீன் முதலில் பார்ப்பது அந்தப் புள்ளிகளைத்தான். வின்சென்ட் மரினாரோ என்னும் அமெரிக்கர் இதையெல்லாம் பொறுமையாகப் புகைப்படமெடுத்து 1976-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். சேவல் கழுத்து இறகை ஏன் முள்ளைச் சுற்றி விறைப்பாக நிறுத்திக் கட்டுகிறார்கள் என்பது அந்தக் கீழ்ப்பார்வை ஷாட் ஒன்றில் விளங்கிவிடும்.

ஒலியில் ஒரே எச்சரிக்கை: ஆற்றங்கரையில் நேர்காணல் வேண்டாம். ஆற்றின் இரைச்சல் பேச்சின் எல்லா அலைவரிசைகளையும் மூடிவிடும். பிறகு மென்பொருளால் அதைச் சுத்தமாகப் பிரிப்பது கடினம். வீட்டுத் திண்ணையில் பேசவையுங்கள். ஆற்றைத் தனியே பதிவு செய்யுங்கள்: கற்களின் மேல் தாவும் இடம், மடு, பாலத்தடி, ஒவ்வொன்றும் வேறு.

இனி மீனைப் பற்றி. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கேட்ஸ்கில் ஆறுகளின் சில பகுதிகளில், பிடித்த மீனைத் திரும்ப விட்டேயாக வேண்டும் என்ற விதி 1960களிலேயே வந்துவிட்டது. அதற்கும் முன்பே, 1939-இல், லீ வுல்ஃப் தம் நூலில், இத்தகைய மீன் ஒரே ஒருமுறை பிடிபட்டு முடிந்துவிடக் கூடாத அளவு மதிப்புள்ளது என்ற கருத்தை எழுதியிருந்தார். இந்த லீ வுல்ஃப் தூண்டில் படங்கள் பல எடுத்தவரும்கூட. நல்ல கொள்கை. ஆனால் கேமரா வந்ததும் அது ஆட்டம் காண்கிறது. மீன் கைக்கு வந்ததும் ஒளிப்பதிவாளர், "கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள், இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம் திருப்புங்கள்" என்கிறார். 1992-இல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் வானவில் டிரவுட் மீன்களைக் களைக்கும்வரை ஓடவிட்டு, சிலவற்றைக் காற்றில் வைத்துப் பார்த்தார்கள். காற்றில் வைக்காதவற்றில் நூற்றுக்கு 88 பிழைத்தன. 30 நொடி காற்றில் இருந்தவற்றில் 62. 60 நொடி இருந்தவற்றில் 28 மட்டுமே. நீந்திப் போன மீன் பிழைத்துவிட்டது என்று நாம் நம்புகிறோம்; அந்தச் சோதனையில் மரணம் சில மணி நேரம் கழித்துத்தான் வந்தது. நீங்கள் "இன்னொரு டேக்" என்று கேட்கும் நேரம் எவ்வளவு என்று ஒருமுறை கடிகாரத்தில் பாருங்கள்.

எனவே என் மாணவர்களுக்கு நான் விதித்த விதி இது: மீனைக் கேமராவுக்காக நீரை விட்டுத் தூக்கக் கூடாது. கேமராதான் மீனிடம் குனிந்து போக வேண்டும். நீரோடு ஒட்டிய கோணத்தில், வலைக்குள் நீரிலேயே மீன் இருக்க, தூண்டில்காரரின் விரல்கள் கொக்கியைக் கழற்றுவதை எடுங்கள். கொக்கியில் எதிர்முள்ளை முன்பே நசுக்கிவிடச் சொல்லுங்கள். கோடையில் தண்ணீர் சூடேறியிருந்தால் படப்பிடிப்பையே நிறுத்துங்கள். சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவு, களைத்த மீன் மீளாது. மாண்டானா மாநிலத்தில் ஆற்றின் வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள் 23 டிகிரி செல்சியஸை எட்டினால், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் தூண்டிலுக்கே தடை போடுகிறார்கள்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. தின்பதற்காகப் பிடித்தாலும் ஒரு நியாயம் உண்டு. விடுவதற்காகவே ஒரு உயிரின் உதட்டில் முள்ளை ஏற்றுவது சரியா? உங்களில் பலர் மனத்தில் இது ஓடிக்கொண்டிருக்கும். 2003-இல் லின் ஸ்னெடன் என்னும் ஆய்வாளரும் உடனிருந்தோரும் வானவில் டிரவுட்டின் தலைப்பகுதியில் வலியூட்டும் தூண்டலை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உடலை அசைத்தாடின, உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன, நெடுநேரம் இரை எடுக்கவில்லை. அதை வலி என்று சொல்லலாமா என்று மறுத்தவர்களும் உண்டு. விவாதம் தீர்ந்தபாடில்லை. என் கருத்தைக் கேட்டால், மீனுக்கு வலிக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நாம் நடக்க வேண்டும். ஆனால் என் கருத்தை மாணவர்களின் படத்தில் திணிக்க எனக்கு உரிமையில்லை. கேள்வியைத் தவிர்க்க அவர்களுக்கும் உரிமையில்லை. படத்தின் தூண்டில்காரரிடம் அதைக் கேட்டார்கள். அவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, இந்த ஆற்றில் ஆலைக் கழிவு வந்தபோதும் நெடுஞ்சாலை வந்தபோதும் போய்ச் சண்டை போட்டவர்கள் தூண்டில்காரர்கள்தான் என்றார். பிறகு, அதனால் மீனுக்கு வலிக்காது என்று ஆகிவிடாது என்றும் அவரே சொன்னார். இரண்டையும் வைத்தோம். முதல் வாக்கியத்தோடு வெட்டினால் அவருக்கு வக்கீலாகிவிடுவீர்கள். இரண்டாவதை மட்டும் வைத்தால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவீர்கள்.

முன்னோடிப் படங்களில் எதைப் பார்க்கலாம் என்று கேட்பீர்கள். ராபர்ட் ரெட்ஃபோர்டு இயக்கி 1992-இல் வந்த "எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்" கதைப்படம். ஒளிப்பதிவுக்காக ஃபிலிப் ரூஸ்லோ ஆஸ்கர் பெற்றார். அதைப் பார்த்து உலகமே கம்பெடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனது. பாருங்கள், ஆனால் அதைப் போல எடுக்க முயலாதீர்கள். அந்தப் பொன்னொளி ஆற்றின் அழகைக் காட்டுகிறது. ஆற்றை வாசிக்கக் கற்றுத்தருவதில்லை. எனக்கு நெருக்கமானது எரிக் ஸ்டீல் 2013-இல் தந்த "கிஸ் தி வாட்டர்". ஸ்காட்லாந்தின் வடபகுதியில், பிரோரா அருகே ஒரு குடிலில், வாழ்நாள் முழுவதும் சால்மன் மீனுக்கான பூச்சிகளைக் கட்டிய மேகன் பாய்டைப் பற்றிய படம். அவர் ஒருமுறைகூட மீன் பிடித்ததில்லை. 2001-இல் இறந்துவிட்டார். இல்லாத ஒருவரைப் பற்றி, ஓவிய அசைவுப்படத்தையும் அண்டை வீட்டாரின் நினைவுகளையும் கொண்டு எழுப்பிய படம். மையப்பாத்திரம் கிடைக்கவில்லையே என்று சோர்ந்துபோகும் மாணவர் ஒவ்வொருவரும் அதைப் பார்க்க வேண்டும்.

அத்தகைய சால்மன் பூச்சிகள் பலவற்றின் கன்னத்தில் மஞ்சள் பொட்டு வைத்தாற்போல் மினுங்கும் ஒரு சிறு இறகு இருக்கும். அது நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. விக்டோரியா காலத்திலிருந்து அந்தக் கழுத்துத் தோல்கள் கப்பல் கப்பலாகப் போயின. பிறகு இந்தியா ஏற்றுமதியைத் தடைசெய்தது. இன்று வெளிநாட்டில் கூண்டில் வளர்த்த பறவைகளின் இறகையே பயன்படுத்துகிறார்கள். நம் காட்டுப் பறவை ஒன்று ஸ்காட்லாந்து ஆற்றுக்கு எப்படிப் போனது என்பதே உங்களில் ஒருவருக்குப் பத்து நிமிடப் படம். நீலகிரியிலோ மூணாறிலோ டிரவுட் எப்படி வந்தது என்பது இன்னொன்று. அம்மலைகளுக்கு அது அயல் மீன். அழகான மீன் என்பதால் அந்த உண்மையை விட்டுவிடக் கூடாது.

கடைசியாக, அனுமதி. நியூயார்க் மாநிலம் 1935 முதல் ஆற்றோர நில உரிமையாளர்களிடமிருந்து, பொதுமக்கள் கரையில் நடந்து மீன்பிடிக்கும் உரிமையை மட்டும் விலைக்கு வாங்கிவருகிறது. கரையில் இருக்கும் மஞ்சள் பலகையைப் பார்த்து, யாரும் வரலாம் போலிருக்கிறதே என்று என் மாணவர்கள் நினைத்தார்கள். அந்த உரிமை மீன்பிடிக்க மட்டும். முக்காலியை ஊன்றிப் படமெடுக்க நில உரிமையாளரின் சம்மதம் தனியே வேண்டும். கேட்டபோது பெரும்பாலோர் மறுக்கவில்லை. இரண்டு பேர் ஆற்றில் தாங்கள் பார்த்ததை எல்லாம் சொல்லி உதவினார்கள். மீன் மேலோட்டத்தைப் பார்த்து நிற்கும், ஆகவே கேமராக் குழு எப்போதும் தூண்டில்காரருக்குக் கீழ்ப்புறம் இருக்க வேண்டும், நிழல் நீரில் விழக்கூடாது என்பதும் அவர்களில் ஒருவர் சொன்னதுதான்.

நீங்கள் நீலகிரிக்குப் போவதாக இருந்தால், டிரவுட் உள்ள நீர்நிலைகள் பல காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. வனத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். கேமரா வாடகைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு அந்தக் கடிதங்களை எழுதிவிடுங்கள். பதில் வரும்வரை உள்ள வாரங்களில் உங்கள் ஊர் வாய்க்காலில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டி, அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று படமெடுத்துப் பழகுங்கள்.